தலையாட்டிக்குக் கைப்பிடி வந்த கதை

சென்ற மாதம் நீலாய் தொழிற்சாலையில் உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தபோது, கடைசி வரிசையில் ஒரு கிழவர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாரே, அது நான்தான். தூங்கவில்லை, கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். நீங்களும் நம்ப வேண்டாம். ஓய்வு பெற்றவர்களை அவ்வப்போது கூப்பிட்டு உட்கார வைப்பது நம் கம்பெனியின் வழக்கம். காலைப் பசியாறை இலவசம் என்பதால் நாங்களும் மறுப்பதில்லை.

அன்றைக்கு என்னை எழுப்பியது ஒரு கேள்வி. முன்வரிசையில் இருந்த பெண் கையைத் தூக்கி, "சார், இந்த மைட்டர் ரம்பத்த தூக்குற கைப்பிடி ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு? என் ரெண்டு கையும் உள்ள போகுதே?" என்றார். வகுப்பு எடுத்தவர் ஒரு நொடி யோசித்தார். மனித உடலமைப்பை நன்றாக ஆராய்ந்து வடிவமைத்தது என்றார். விழித்ததும் நான் வாயில் வைத்த பாலில்லாத தே ஓ டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

உடலமைப்பு என்பது உண்மைதான். ஆனால் ஆராயப்பட்டது கை அல்ல, தோள். அதில் ஒன்று என்னுடைய தோள். அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

விமான நிலையம் வருவதற்கு முன்னால் நீலாயில் நம் கம்பெனி என்பது ஒரு கடையின் பின்கட்டு. முதலாளி அங்கே தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். பம்பைச் சரிசெய்யப் போகிற இடமெல்லாம் தச்சர்கள் சட்டத்தின் மூலைக்குச் சாய்வாக மரம் அறுப்பதைப் பார்த்திருக்கிறார். ஜன்னல் சட்டத்தின் மூலையில் இரண்டு மரத்துண்டுகள் சாய்வாக வந்து சேரும் அல்லவா, அந்தச் சாய்வைக் கையால் அறுத்தால் அரை நாள் போகும். மின்சாரத்தில் அறுக்கும் மைட்டர் ரம்பம் அப்போதும் இருந்தது. ஆனால் அது பட்டறையில் யானை போல நின்ற இடத்தில் நிற்கும். மரம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். "மரத்தத் தேடி ரம்பம் போனா என்னா?" என்று முதலாளி கேட்டார். அந்தக் கேள்விதான் நம் கம்பெனி.

அவர் வரைந்தார். அதைச் செய்து முடித்தவர் ஓர் அக்கா. பெயர் சொன்னால் திட்டுவார், அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரம்பத்தையும் பூட்டி, தன் மூலைமட்டத்தை வைத்துக் கோணம் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகுதான் அது வாசலைத் தாண்டும். அதற்குப் பிறகு உள்ள வேலையெல்லாம் என்னுடையது. கொண்டுபோய்க் காட்டுவது, விற்பது, விற்றது கெட்டால் திட்டு வாங்குவது. மூன்றிலும் கடைசி வேலையில்தான் எனக்குத் திறமை அதிகம்.

முதன்முதலாகக் காட்டப் போனது கோலா கிளாவாங்கில் ஒரு மரக்கடைக்கு. நல்ல கூட்டம். ரம்பம் கொண்டுபோனேன், மரத்துண்டு கொண்டுபோனேன், பேச வேண்டிய பேச்சைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு போனேன். தலை சீவ சீப்புகூடப் பையில் இருந்தது. பேச்சு முடிந்து ரம்பத்தின் சுவிட்சை அழுத்தினேன். சத்தமில்லை. கடையில் மின்சாரம் இருந்தது, ஆனால் நான் நின்ற இடத்துக்கு வயர் எட்டவில்லை. நீள வயர் கொண்டுபோகவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் அறுக்கும் தட்டு பூட்டியிருக்கும் ரம்பத்தின் தலையைக் கையால் மேலும் கீழும் இறக்கி ஏற்றி, "ஙொய்ங்" என்று வாயால் சத்தம் கொடுத்தேன்.

"என்னா லா, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுது," என்றார் கூட்டத்தில் ஒருவர். "நம்ம மருமவன் மாதிரி."

அன்றிலிருந்து நம் ரம்பத்துக்குத் தலையாட்டி என்று பெயர். விளம்பரத்துக்கு முதலாளி யோசித்து வைத்திருந்த அழகான பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும்தான்.

சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் அருகில் வந்து, ரம்பத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சிரம்பானைச் சேர்ந்த கொன்ட்ராக்டர் அருளப்பன். "இவ்வளவு லேசா இருந்தா தோட்டத்துக்கே தூக்கிட்டுப் போயிடலாம்," என்றார். சுவா பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்களுக்குப் புது வீடுகள் கட்ட எடுத்திருந்தார். எங்கள் முதல் பெரிய ஆர்டர் அப்படித்தான் வந்தது.

இயந்திரத்தைக் காட்டப் போவதற்கு முன் அது நிற்கப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது கிளாவாங் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நான் கற்றுக்கொண்டதோ நீள வயர் எடுத்துப் போக வேண்டும் என்பதை மட்டும். மீதியைக் கற்க சுவா வரை போக வேண்டியிருந்தது.

ரம்பங்கள் போய்ச் சில நாட்களிலேயே அருளப்பன் போன் செய்தார். "சர்வீசு!" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "உங்க தலையாட்டிக்கு கழுத்து சுளுக்கு லா. மூலையில பத்து காசு நுழையுது. எலி குடும்பத்தோட வந்து குடியிருக்கும்."

எல்லாம் திரும்பி வந்தன. அக்கா மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். கோணம் விலகித்தான் இருந்தது. சரிசெய்தார், அறுத்தோம், மூலை கோயில் கதவு மாதிரிச் சேர்ந்தது. அனுப்பினோம். மறுபடியும் திரும்பி வந்தன. அதே கோணல்.

முதலாளி ஓரமாகக் கிடந்த பழைய பம்பு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு தடவ வந்துச்சுனா கடைய மூடிட்டுப் பழையபடி பம்பு ரிப்பேருதான். பம்புக்கு நான் ஒரு ஆளு போதும்." அவர் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் பம்பு ரிப்பேர் தெரியாத ஆள் நான் ஒருவன்தான்.

அக்கா தன் மூலைமட்டத்தை ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். அதை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"வரும்போது கோணல், போகும்போது நேர். நடுவுல என்னமோ நடக்குது. போய் பாரு."

"சரிக்கா."

"இத தொலைச்சுட்டு வந்தியா, நீயும் வராத."

போனேன். சரிசெய்த ரம்பங்களும் வேனில் என்னோடு வந்தன. அருளப்பன் ஒரே முடிவாக இருந்தார். முதல் வீட்டைப் பார்க்க அன்று மத்தியானம் தோட்டத்து மேனேஜர் வருகிறார். அதற்குள் ஜன்னல் சட்டத்தின் மூலை சேர வேண்டும். இல்லாவிட்டால் எல்லா ரம்பத்தையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கைரம்பக்காரர்களைக் கூட்டி வரப் போகிறார்.

புது வீடுகள் தோட்டத்தின் பின்னால் குன்றின் மேல். வேன் கீழே ரப்பர் பால் ஸ்டோர் வரைதான் போகும். அங்கே ரம்பத்தை இறக்கி, அக்காவின் மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்த்து, தச்சர் முனுசாமியின் கையில் கொடுத்தேன். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கட்டி முடித்ததும் ஒரு வீடு அவருக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இரண்டு துண்டு அறுத்தார். மூலை சேர்ந்தது. அருளப்பன் பத்து காசை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"பார்த்தீங்களா?" என்றேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முனுசாமியும் உதவியாளும் ரம்பத்தோடு மேலே ஏறினார்கள். நான் நிமிர்ந்த நெஞ்சோடு கேண்டீனுக்குப் போய் ரொட்டி சானாய் தின்றேன். பிறகு அருளப்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, டிராக்டர் பாதை வழியாக மேலே போனேன்.

மேலே முனுசாமி அறுத்த சட்டம் தரையில் கிடந்தது. மூலையில் பத்து காசு நுழைந்தது. இருபது காசும் நுழைந்தது.

அதே ரம்பம், அதே மரம், அதே ஆள். முனுசாமியின் உதவியாள் மெல்ல, "மேல முனியாண்டி கோயில் பக்கத்துல இருக்குல்ல. சுருட்டு வச்சமா நாம?" என்றான். நான் சிரிக்கவில்லை. என்னிடம் சுருட்டு இருந்திருந்தால் பெட்டியோடு வைத்திருப்பேன்.

அருளப்பன் என்னைத் தனியாக ஒரு ரப்பர் மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"சர்வீசு, நேரா கேக்குறேன். கீழ நானே கண்ணால பார்த்தேன், மெஷின் நல்லா இருந்துச்சு. மேல வந்ததும் கோணல். அப்ப என்னா அர்த்தம்? மெஷின் நல்லது, கை சரியில்ல. நீங்க கம்பெனிக்காரரு. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. மேனேஜர்கிட்ட சொல்லி முனுசாமிய இன்னைக்கே நிறுத்திட்டு வேற தச்சன போடுறேன். மெஷின நான் வச்சுக்குறேன்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சர்வீஸ் வேலையில் இப்படி ஒரு மரத்தடி உங்களுக்கும் வரும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கம்பெனி பிழைக்கும், முதலாளி பம்பைக் கீழே வைப்பார், என் வேலை நிலைக்கும். அது பொய் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவேளை உண்மையாகவே அவர் கைதான் காரணமோ என்னவோ! மரத்தடியிலிருந்து பார்த்தால் முனுசாமி தெரிந்தார். ஏற்கெனவே அளந்த மரத்தை மறுபடி அளந்துகொண்டிருந்தார். கோட்டின் மேல் கிடந்த மரத்தூளை ஊதிவிட்டு, இன்னொரு தடவை அளந்தார்.

என் வாய் எனக்கு முன்னால் திறக்கிற வாய். ஊரில் எல்லாருக்கும் தெரியும். திறந்தது. உள்ளேயிருந்து வந்ததோ, "எனக்குத் தெரியல."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நானே கேட்டதில்லை. அருளப்பனும் கேட்டதில்லை.

"தெரியலையா? செஞ்சவனுக்கே தெரியலனா வேற யாருக்குத் தெரியும், மாதாவுக்கா?"

"மேனேஜர் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சு சொல்லிடுறேன் பொஸ்."

"நான் போய் அவர கூட்டிட்டு வர்றேன். திரும்பி வரும்போது ஒண்ணு மூலை மூடியிருக்கணும், இல்ல நீங்க வாய தொறந்திருக்கணும்." மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ரம்பத்தைச் சரிசெய்யலாம் என்று பையைத் தேடினேன். பை கேண்டீன் மேசையில் இருந்தது. அக்காவின் மூலைமட்டமும் அதில். ரொட்டி சானாய்த் தட்டுக்குப் பக்கத்தில், குழம்பு படும் தூரத்தில். எனக்கு வேர்த்துக் கொட்டியது, கம்பெனிக்காகவா மூலைமட்டத்துக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"கீழதான சரியா அறுத்துச்சு?" என்றார் முனுசாமி. "மெஷினையும் கீழயே கொண்டு போவோம். அங்கேருந்து மறுபடி ஆரம்பிச்சுப் பார்ப்போம்." சட்டத்தைப் பிடித்துக்கொள்ள உதவியாள் மேலேயே நிற்க வேண்டியிருந்தது. "நீங்க பின்னால பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த ஒரு கம்பை எடுத்தார்.

"என்ன மாமா இது?"

"காண்டாக் கம்பு. எங்க வீட்டுல ரப்பர் பால் வாளிய தோள்ல தூக்குனதுதான். எவ்வளவு பாரம்னாலும் தாங்கும்."

"டிராக்டர்ல ஏத்தி அனுப்பலாமே?"

"டிராக்டர்லயா!" குழந்தையைக் கிணற்றில் போடச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "சிமெண்டு போவுது அதுல. அது குலுக்குற குலுக்குல மெஷின் என்னாத்துக்கு ஆவும்? தெனமும் காலையில ஸ்டோர்லேருந்து தோள்லதான் தூக்கிட்டு வர்றோம், சாயங்காலம் தோள்லதான் கொண்டு போறோம். புள்ளைய தூக்குற மாதிரி."

அறுக்கும்போது பிடித்து இறக்குகிற கைப்பிடிக்குள் கம்பை நுழைத்தார். நழுவாமல் ஒரு கயிறு. முன்னால் அவர், பின்னால் நான். தூக்கினோம், இறங்கினோம்.

காண்டாக் கம்பைத் தூக்கி நடந்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது துள்ளும். துள்ளினால்தான் தோளுக்குச் சுகம். முனுசாமியின் நடையும் கம்பின் துள்ளலும் ஒன்றாகப் போயின. எனக்கு இரண்டும் பிடிபடவில்லை. கம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனது யார் என்று கேட்டால், நானும் ரம்பமும் என்றுதான் சொல்ல வேண்டும். ரம்பம் என் மூக்குக்கு நேரே தொங்கியது. ஒவ்வோர் அடிக்கும் டக், டக் என்று ஒரு சத்தம். பார்த்தேன். தலை கம்பில் மாட்டியிருக்கிறது. அடியில் மொத்த உடம்பும் அந்தரத்தில் ஆடுகிறது. தலையையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு கீல். உடம்பு இடப்பக்கம் ஆடினால் கீல் டக். வலப்பக்கம் ஆடினால் டக். ஏறும்போது டக்டக், இறங்கும்போது டக்டக், தினமும்.

தலையாட்டி என் கண்ணெதிரே தலையாட்டிக்கொண்டே வந்தது.

"மாமா, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு நான் நின்றேன். அவர் நிற்கவில்லை, இன்னும் ஓர் அடி வைத்தார். செம்மண் பாதை, காலையில் பெய்த மழை. நான் வழுக்கி உட்கார்ந்த வேகத்துக்கு அந்தக் குன்றே கொஞ்சம் இறங்கியிருக்கும். முனுசாமி திரும்பி ரம்பத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பதறினார்:

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?"

நான் சேற்றில் உட்கார்ந்தபடி சிரித்தேன். தலையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கீலைத் தொட்டு, ஆட்டி, அது தளர்ந்து கோணம் விலகியிருப்பதைக் காட்டினேன். பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப நான்தான் கெடுத்தேனா? பத்திரமாத்தான தூக்குனேன்..."

"நீங்க இல்ல மாமா. தூக்கிட்டுப் போற ரம்பம்னு ஊரெல்லாம் சொல்லி வித்தோம். எந்த இடத்துல பிடிச்சுத் தூக்கணும்? நீங்களே பாருங்க, அந்த ஒரு பிடிய விட்டா வேற பிடி எங்க இருக்கு?"

ரம்பத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆமா லா," என்றார். "இல்லையே!" பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். காய்ந்த இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். அவருக்கு என்னைவிட விவரம் உண்டு.

கீழே போய் மூலைமட்டத்தை எடுத்து, ஒட்டியிருந்த பருப்புக் குழம்பைத் துடைத்து, கோணத்தைச் சரிசெய்தோம். ஸ்டோரில் புது வீட்டுக்கான கதவுப் பலகை ஒன்று கிடந்தது. அதன் மேல் ரம்பத்தைப் படுக்க வைத்து, தலையைக் கீழே அழுத்திக் கயிற்றால் கட்டினோம். முனுசாமி கூப்பிட்டதும் ஸ்டோரிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். நான்கு பேராகத் தூக்கினார்கள். தூறல் விழுந்தது. என்னைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேண்டீன் அம்மாவின் பூப்போட்ட குடையை வாங்கி ரம்பத்துக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

பாதி வழியில் மேனேஜரோடு வந்த அருளப்பன் எங்களைப் பார்த்துவிட்டார். "மாதாவே! கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இப்படி குடை பிடிக்க மாட்டாங்களே சர்வீசு! செத்துப்போச்சா?"

"பொழைச்சுக்கிச்சு பொஸ்!"

மேலே முனுசாமி நான்கு துண்டுகள் அறுத்தார். சேர்த்தார். அருளப்பன் பத்து காசை எடுத்து ஒரு மூலையில் நுழைத்தார். போகவில்லை. அடுத்த மூலை. போகவில்லை. நான்கு மூலையும் சுற்றி வந்துவிட்டுக் காசைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு மூச்சு என்பது உள்ளேயும் போகும் வெளியேயும் வரும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேனேஜர் சட்டத்தைப் பார்த்தார், நல்லது என்றார். பிறகு என் கால்சட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் அன்று கேட்ட ஒரே கேள்வி அதைப் பற்றித்தான்.

நீலாய் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். "பிடி வைக்க மறந்துட்டோமா!" என்றார். பம்பைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு வந்து மறுபடியும், "பிடி வைக்க மறந்துட்டோமே!" என்று சிரிக்க ஆரம்பித்தார்.

நான் உடனே யோசனை சொன்னேன். கம்பில் தூக்கக் கூடாது என்று மூன்று மொழியில் சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை ஒட்டிவிடலாம். அக்கா மூலைமட்டத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அட்டைய யாரு படிக்கிறது? நீ படிப்பியா?"

"படிக்க மாட்டேன்."

"அந்தக் கம்பு எவ்வளவு தடிமன்?"

கையால் வளைத்துக் காட்டினேன். அக்கா அந்த வளையத்துக்குள் அளவு நாடாவை வைத்தார். அதைவிடக் கொஞ்சம் தாராளமாக ஒரு கைப்பிடி செய்து, ரம்பத்தின் தலையில் அல்ல, உடம்பில், பாரம் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற இடத்தில் பூட்டினார். தலை ஆடாமல் பூட்ட ஓர் ஊசி. வேலை முடிந்ததும் தலையை இறக்கி ஊசியைச் செருகுகிறீர்களே, அது அன்றைக்கு வந்ததுதான்.

புது ரம்பத்தை நானே சுவாவுக்குக் கொண்டு போனேன். இந்தத் தடவை கேண்டீன் பக்கம் திரும்பவில்லை. முனுசாமி கைப்பிடியைத் தடவிப் பார்த்தார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு போய்க் காண்டாக் கம்பை எடுத்து வந்து அதற்குள் நுழைத்தார். அளவெடுத்தாற்போல் போனது.

"இப்பதான் தூக்குற மாதிரி செஞ்சிருக்கீங்க," என்றார்.

அவர் முன்னால், நான் பின்னால். மேலே ஏறினோம். டக் சத்தம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே கேட்டார்:

"அன்னைக்கு மரத்தடியில கொன்ட்ராக்டர் கேட்டது எனக்கும் காதுல விழுந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம் மாமா. அப்பறம் கம்ப முன்னால யாரு தூக்குறது?"

அவர் சிரித்ததில் கம்பு குலுங்கியது. ரம்பம் குலுங்கவில்லை. மேலே போய் அறுத்த முதல் மூலையில் பத்து காசு நுழையவில்லை.